கைப்பழக்கத்தின் விலை: தூத்துக்குடிக் கரையின் தொழில் வாழ்வுகள்

1928ஆம் ஆண்டு முத்துச் சலாபத்தில், அதாவது அரசு நாள் குறித்து நடத்திய முத்துக் குளிப்பில், கல்லைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கிய 20 வயது இளைஞருக்கு, அரசு அடுத்த சலாபத்தை நடத்திய 1955இல் வயது 47. நடுவே 27 ஆண்டுகள் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் முத்துக் குளிப்பே இல்லை. 1961இல் முடிந்த சலாபத்துக்குப் பிறகு இன்றுவரையிலும் இல்லை. முத்துக்குளித்துறை என்று உலகமே பெயர் சொன்ன கரையில், முத்தை மட்டும் நம்பி ஆயுளை ஓட்டியவர் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது.

பிறகு எதை நம்பிப் பிழைத்தார்கள்? ஒரு தொழில் நின்றபோது அடுத்ததற்கு எப்படிப் போனார்கள்? போகும்போது கையில் எதைக் கொண்டுபோனார்கள், எதை விட்டுப்போனார்கள்? தூத்துக்குடியிலும் சுற்றியுள்ள கடற்கரையிலும் உழைத்து வயதானவர்கள் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துப் பேசும் பேச்செல்லாம் கடைசியில் இந்தக் கேள்விகளில்தான் வந்து நிற்கிறது. பதில் ஒரே இடத்தில் எழுதிவைக்கப்படவில்லை. எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற ஆங்கிலேய அதிகாரிகளின் அறிக்கைகளில் கொஞ்சம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளில் கொஞ்சம், நாவல்களில் கொஞ்சம், மக்கள் வாயில் மீதி என்று சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இந்தக் கரையில் ஒரு தொழில் அழிவதாலேயே அந்தத் தொழிலாளியின் வாழ்வு குலைந்துவிடுவதில்லை. அவர் கைப்பழக்கத்துக்கு வேறு யாராவது விலை வைத்தால் அவர் தொழிலாளியாகவே தொடர்கிறார். யாரும் வைக்காவிட்டால் அன்றிலிருந்து அவர் வெறும் கூலி.

சலாபமும் பங்கும்

சிப்பிப் படுகையைக் கரையில் பார் என்பார்கள். பாரில் சிப்பி விளைந்ததா என்று அரசு ஆள் இறக்கிப் பார்க்கும். மாதிரிக்கு அள்ளிவந்த சிப்பியை அறுத்து முத்தை மதிப்பிடும். தேறும் என்று பட்டால்தான் சலாபத்துக்கு நாள் குறிக்கும். பாண்டியர் காலத்திலிருந்து, போர்ச்சுகீசியர், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், அடுத்து வந்த ஆங்கிலேயர் வரை ஆள்பவர் மாறினாலும் கடலடியில் கிடப்பது ஆள்பவருக்குச் சொந்தம் என்ற விதி மாறவில்லை. எப்போது குளிப்பது என்பது குளிப்பவர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை.

அவர் கையில் இருந்தது வேறு. 12 முதல் 25 மீட்டர் ஆழத்துக்கு, கால் வைத்த கல்லின் பாரத்தோடு சரேலென இறங்க வேண்டும். ஒரு நிமிடம் முன்னே பின்னே நிற்கும் மூச்சுக்குள், கலங்கலான தரையைக் கையால் தடவிச் சிப்பியை வலைப்பையில் சேர்க்க வேண்டும். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இருப்பவர் இழுப்பார். கல்லுக்கு ஒரு கயிறு, பைக்கு ஒரு கயிறு. பிடிப்பவர் அசந்தால் குளிப்பவர் திரும்பமாட்டார். அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள், தங்கை தாலி அறுக்க அண்ணன் விடமாட்டான் என்ற பேச்சு கரையில் இன்றைக்கும் இருக்கிறது.

இந்தத் திறமைக்குக் கிடைத்தது சம்பளமில்லை, பங்கு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒன்றும் போனதாக எழுதிவைத்தார். கடல்கட்டி என்ற அந்த ஆளின் பங்கு ஆங்கிலேயர் வந்ததும் உடனே ஒழிந்துவிடவில்லை. இந்தக் கரையின் கடலோடிச் சமூகமான பரதவர்களின் சாதித்தலைவருக்கும் சலாபத்தில் பரம்பரை உரிமை இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. அந்த ஒரு பங்கிலேயே கயிறு பிடித்தவருக்கும் படகுக்கும் கூறு உண்டு.

பங்கு முறையை இன்று பெருமையாகப் பேசுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கையில் வருவது திறக்காத சிப்பி. உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காத்திருக்க வசதியில்லாதவர் கரையிலேயே வந்த விலைக்குத் தள்ளினார். காத்திருக்க முடிந்த வியாபாரி சிப்பியை அழுகவிட்டு, ஈயும் புழுவும் தின்று தீர்த்தபின் கழுவி முத்தைப் பொறுக்கினார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முத்து வியாபாரம் தலைமுறைச் செல்வமாகத் திரண்டது; மூச்சடக்கி எடுத்தவர் வீட்டில் அப்படித் திரளவில்லை. திறமைக்கு மதிப்பு இருந்தது. ஆனால் விலையை முடிவு செய்யும் இடத்தில் திறமைக்காரர் இல்லை.

சங்கு தாங்கிய காலம்

சலாபமில்லாத நீண்ட வருடங்களில் குளிப்பவரின் மூச்சையும் கண்ணையும் பழுதாகாமல் காத்தது சங்கு. வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கு வேண்டிய கச்சாப்பொருளில் பெரும்பகுதி இந்த வளைகுடாவிலிருந்து போனது. சங்கும் அரசின் ஏகபோகம்தான். எடுத்துவந்த சங்கை மீன்துறை ஆட்கள் அளவுப் பலகையின் ஓட்டையில் விட்டுப் பார்ப்பார்கள். ஓட்டைக்குள் புகுந்து விழும் குட்டிச் சங்கு கடலுக்கே திரும்பும். தங்கியதற்கு எண்ணிக் காசு.

முத்தின் பெயரால் புகழ்பெற்றவர்கள் உண்மையில் சங்கால் வாழ்ந்தார்கள். தொழில் மாறினாலும் அதே உடல், அதே கடல், அதே நுணுக்கம். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அடி மணலா பாறையா என்று சொல்வதும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கணிப்பதும் இரண்டு தொழிலுக்கும் பொது. பின்னாளில் கண்ணாடி முகமூடி வந்தது. காலில் கட்டிக்கொள்ள அலுமினியத் தகட்டை வெட்டித் துடுப்பாக்கிக்கொண்டார்கள். வெளிநாட்டு ரப்பர் துடுப்பு வாங்க வழியில்லாத இடத்தில் பட்டறையே அதைச் செய்துகொடுத்தது. ஒரு தொழிலின் அறிவு அடுத்த தொழிலுக்கு அப்படியே போனதற்கு இந்தக் கரையில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதற்கும் முடிவு வந்தது. படகில் காற்று அமுக்கி வைத்து, குழாய் வழியே மூச்சு வாங்கிக் குளிக்கும் முறை பரவியபோது ஒரு நிமிட மூச்சுக்கு இருந்த மதிப்பு போனது. நீண்டநேரம் அடியில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தவர்களுக்கு மூட்டுவலியும் பக்கவாதமும் வந்தன; உயிர்களும் போயின. பழைய குளிப்பாளியின் ஆபத்து அவருக்குத் தெரிந்த ஆபத்து. இரத்தத்தில் நைட்ரஜன் குமிழியிடும் இந்தப் புதிய ஆபத்தோ எந்தத் தகப்பனும் மகனுக்குச் சொல்லித்தந்ததில்லை. கருவி கைமாறியது, அதன் அறிவு கூட வரவில்லை.

தோணி: தண்டலும் ஓடாவியும்

குளிப்புக்கு அடுத்து இந்தக் கரை வளர்த்த பெரிய தொழிற்கூடம் தோணி. பாய் கட்டிய மரத்தோணிகள் சரக்கேற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் கேரளக் கரைக்கும் ஓடின. தோணியின் தலைவர் தண்டல், சமையலுக்குப் பண்டாரி. சின்னப் பையனாகப் பண்டாரிக்கு உதவிக்கு ஏறியவர் படிப்படியாகத் தண்டலாவது வழக்கமான பாதை. அதற்குப் பள்ளிக்கூடம் தோணிதான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவரிடம்தான் முதலாளி சரக்கை நம்பி ஒப்படைத்தார். கச்சான் அடிக்கும் மாதங்களில் தோணிகள் கரையேறும்; மராமத்து வேலை அப்போதுதான்.

மராமத்து, மரக்கலத் தச்சரான ஓடாவியின் காலம். பலகை வளைப்பது, வங்கு வைப்பது, மூட்டுகளைக் கலப்பத்து அடித்துத் தண்ணீர் புகாமல் அடைப்பது என்று ஒவ்வொன்றும் தனிக் கை. வரைபடம் கிடையாது, கணக்கு மனசில்தான். தூத்துக்குடித் தோணி உலகத்தின் எழுச்சியையும் சரிவையும் ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவல் விரிவாகப் பதிவு செய்தது; 2013இல் அது சாகித்ய அகாடமி விருது பெற்றது. அதன் ஆசிரியரே உவரியில் பிறந்து கப்பல் வணிகத் துறையில் வேலை பார்த்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: கடலோரப் பிள்ளை கடலுக்குப் போகாமலே கடல் தொழிலில் நிற்கும் புதிய பாதை அது.

தோணிக்கு இயந்திரம் வந்தபோது தண்டலும் ஓடாவியும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை. பாய் இறங்கியதும் தண்டலின் காற்றறிவுக்கு இருந்த தனி விலை சரிந்தது. டிரைவர் என்ற புதிய ஆள் தோணியில் ஏறினார். பாய் இழுக்க வேண்டிய ஆட்கள் குறைந்தார்கள். 1983க்குப் பின் இலங்கையில் மூண்ட போர் கொழும்பு வழியையும் ஆட்டிவைத்தது. ஓடாவிக்கோ இயந்திரம் வேலையைக் கூட்டியது. மீன்பிடி விசைப்படகுகள் பெருகிய காலத்தில் தோணி கட்டிய கைகளே விசைப்படகும் கட்டின. அவருக்கு அடி விழுந்தது பிறகு, கண்ணாடியிழைப் படகு வந்தபோது. அச்சில் ஊற்றி எடுக்கும் படகுக்கு மரத்தின் நரம்பு தெரிந்த ஆள் தேவையில்லை. இரண்டு பேரும் ஒரே தோணியில் பிழைத்தவர்கள்; ஒருவருக்கு உடனே மூடிய வழி இன்னொருவருக்கு மேலும் ஒரு தலைமுறை திறந்திருந்தது.

துறைமுகம் கொடுத்ததும் எடுத்ததும்

1876இல் ரயில் வந்து சேர்ந்ததும் தூத்துக்குடி பஞ்சு ஏற்றுமதியில் தலைதூக்கியது. ஆனால் கடல் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கைச் சுமந்தவை படகுகள். கப்பலும் படகும் வேறு வேறு தாளத்தில் ஏறி இறங்க, தொங்கும் சுமையை எந்த அலையில் கொக்கியில் மாட்டுவது, எந்த அலையில் கையை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் விரலை இழப்பார். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டிய கடல் இதுதான். அந்தக் கப்பல்களும் கரையைத் தொடவில்லை.

1974 ஜூலை 11ஆம் தேதி தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் நீண்டன. கப்பல் நேரே தளத்தில் வந்து கட்டியது. நடுக்கடல் சுமையின் நுணுக்கம் ஒரே தலைமுறையில் தேவையற்றதானது. பதிலுக்குத் துறைமுகம் ஒன்று கொடுத்தது: பதிவு பெற்ற வேலை, மாதச் சம்பளம், வைப்புநிதி, ஓய்வூதியம். கடல் ஒருநாளும் தராத நிதானம் அது. தகப்பன் தோணியில் கண்ட பசியை நினைத்து, துறைமுக பேட்ஜ் கிடைத்த மகனுக்கு உடனே பெண் கொடுத்த வீடுகள் கரையில் ஏராளம்.

பிறகு கன்டெய்னர் வந்தது. 1999இல் தனியார் கன்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்கியது. சாக்கு மூட்டையும் மரப்பெட்டியும் இறக்கிய கூட்டத்தின் வேலையைக் கிரேன் ஓட்டுநர் ஒருவரும் சரிபார்ப்பவர் சிலரும் பார்த்தார்கள். உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் நடந்த கதைதான். லண்டனிலும் லிவர்பூலிலும் 1960களிலும் 70களிலும் நடந்தது இங்கே சற்றுத் தாமதமாக வந்தது. ஆனால் அங்கே கூட்டம் துறைமுகத்தை மட்டும் இழந்தது. இங்கே துறைமுகத்துக்கு வருவதற்காகக் கடலை முன்பே விட்டுவந்தவர்கள் திரும்ப முடியாத நிலையில் நின்றார்கள். கன்டெய்னர் புதிய வேலைகளையும் பெருக்கியது: சரக்கு கிட்டங்கி, டிரெய்லர் லாரி, சுங்க ஏஜெண்ட் அலுவலகம். அவற்றில் பெரும்பாலானவை தாளும் கணினியும் தெரிந்தவர்களுக்கு. கடல் தெரிந்தவருக்கு அங்கே கிடைத்தது பெரும்பாலும் வாட்ச்மேன் வேலை.

உப்பும் ஆலையும்: கையெழுத்தில்லாத திறமை

கடலுக்குப் போகாதவர்களின் வாழ்வைப் பற்றிப் பேசாமல் இந்த ஆய்வு முடியாது. உப்பு உற்பத்தியில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு. அதன் மையம் தூத்துக்குடி. தை, மாசியில் தொடங்கி புரட்டாசி வரை வெயில்தான் முதலாளி. ஐப்பசி மழை வந்தால் உப்பளம் மூழ்கும், கூலி நிற்கும்.

பார்வைக்கு இது திறமை வேண்டாத வேலை. கிட்டப்போய்ப் பார்த்தால் அப்படியில்லை. கடல்நீரோ கிணற்று உவர்நீரோ பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, பாமே அளவில் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். அனுபவப்பட்டவர் நீரின் நிறத்தையும் மேலே கட்டும் ஏட்டையும் பார்த்தே அதைச் சொல்லிவிடுவார். வாருபலகையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுதான் கை: அழுத்தினால் சேறு கலந்து உப்பு கறுக்கும், தளர்த்தினால் பாதி பாத்தியிலேயே நிற்கும். வாருவதில் ஆணுக்கு ஒரு கூலி, சுமப்பதில் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பதே நெடுங்கால நடைமுறை. உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை அரிக்கிறது. காலில் ஆறாத புண். ராஜம் கிருஷ்ணன் இந்த அளங்களுக்கே வந்து பார்த்து எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வெளிவந்தது. இன்றைக்கும் உப்பளப் பெண்களின் வேலை வாழ்வைப் பற்றிப் பேச அந்த நாவலைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது நாவலின் பெருமை; மற்றவர்கள் எழுதாமல் விட்டதன் அடையாளமும்கூட.

மழைக்காலத்துக்குத் தமிழக அரசு தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது சமீபத்தில்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அளங்களில் குவித்திருந்த உப்பு கரைந்து ஓடியது. அந்த வெள்ளத்தில் உற்பத்தியாளரின் இழப்புக்குக் கணக்கு வந்தது. கரைகட்டித் திரும்ப அளத்தைத் தயார் செய்யும் வரை நின்றுபோன கூலிநாட்கள் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

ஆலைத் தொழிலின் கதை வேறு விதம். 1888இல் ஹார்வி நிறுவனம் கோரல் மில்லைத் தொடங்கியபோது வறண்ட கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1908 பிப்ரவரி இறுதியில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றார்கள். மார்ச் 12ஆம் தேதி தலைவர்கள் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. ஆனால் அதற்கு முன்பே ஆலை நிர்வாகம் தொழிலாளரின் கோரிக்கைகளுக்கு இணங்கியிருந்தது. இந்தக் கரையில் உழைப்பவர் தாமே கூடித் தம் உழைப்பின் விலையைப் பேசி வாங்கிய முதல் பெரிய சந்தர்ப்பம் அது. பங்குக்காரர்களான கடலோடிகளால் அது முடியவில்லை. கூலிக்காரர்களான ஆலையாட்களால் முடிந்தது. பங்கு மானமானது, கூலி இழிவானது என்ற கரையோர நம்பிக்கைக்கு இது எதிர்ச்சான்று.

தடை வந்த தொழில்கள், வந்துசேர்ந்த அறிவு

சில தொழில்களைச் சந்தை கொல்லவில்லை, சட்டம் நிறுத்தியது. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையை வெட்டி எடுப்பது ஒரு காலத்தில் வெளிப்படையான வேலை. 1986இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளமும் கடலட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் கடும் பட்டியலில் சேர்ந்தன. நேற்று வரை தொழிலாக இருந்தது இன்று குற்றம். தடையில் நியாயம் இருக்கிறது: பாறை போனதால் தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு அலையில் கரைந்து மறையும் நிலைக்கு வந்து, செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆனால் எந்தப் பாறை எங்கே இருந்தது என்று கையால் தொட்டு அறிந்தவரை அந்த வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று தடை போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அதே ஊரில் ஒரு முன்மாதிரி உண்டு. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி ஆய்வகத்தில் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் கடல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்; 1981இல் சிப்பிக் குஞ்சு பொரிப்பகமும் வெற்றி பெற்றது. அந்த ஆய்வுக்கு வேண்டிய உயிர்ச்சிப்பிகளைப் பார்களிலிருந்து எடுத்துத் தந்தவர்கள் இந்த ஊர்க் குளிப்பாளிகள்தான். சலாபம் நின்ற பிறகும் அவர்கள் அறிவுக்கு ஒரு ஆய்வகம் விலை வைத்தது. சிறிய அளவில்தான், ஆனாலும் வைத்தது.

தொகுத்துப் பார்த்தால்

இந்த வாழ்வுகளில் மூன்று பாதைகள் தெரிகின்றன. சங்குக்குப் போன முத்துக் குளிப்பாளியும் விசைப்படகுக்குப் போன ஓடாவியும் நடந்தது முதல் பாதை: பழைய கைப்பழக்கம், புதிய கொள்வோர். வாட்ச்மேனாகிப்போன தண்டலின் பாதை இரண்டாவது: அறிவு கரையிலேயே நின்றுவிட, உடம்பு மட்டும் வேலைக்குப் போகிறது. மூன்றாவது, தன் தலைமுறையோடு தொழிலை முடித்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவரின் பாதை. 1977இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் கப்பல் வேலைக்கான பயிற்சி நிலையங்களும் அந்தப் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தன.

மூன்றாவது பாதைதான் முன்னேற்றம், மற்றவை வெறும் ஏக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. கடலில் ஆளை இழந்த வீடுகளைக் கேட்டால் அவர்களும் அதைத்தான் சொல்வார்கள். அந்தப் பதிலை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பிள்ளை படித்து வருவதற்குள் தகப்பனுக்கு இன்னும் 20 ஆண்டு உழைப்பு மிச்சமிருக்கிறது. அந்த 20 ஆண்டில் அவர் என்னவாக இருப்பார் என்பதை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அரசும் நிறுவனங்களும் அவரவர் பாட்டுக்கு விட்டிருக்கின்றன. துறைமுகத்துக்குத் திட்டம் இருந்தது, பூங்காவுக்குத் திட்டம் இருந்தது. அவற்றால் வேலை மாறப்போகிறவருக்குத்தான் திட்டம் இல்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமுமில்லை. பவளப்பாறைக் கண்காணிப்பு, செயற்கைப் பாறை இறக்குவது, கடலடி ஆய்வு என எல்லாவற்றுக்கும் ஆழம் பழகிய ஆள் வேண்டும். அதற்கு வெளியூர்ச் சான்றிதழோடு வருபவரைத் தேடும் முன், உள்ளூர்க் குளிப்பாளிக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து அந்தச் சான்றிதழையே கையில் தரலாம். உப்பளத்தில் நீரின் பதம் பார்க்கத் தெரிந்த பெண்ணைச் சுமைக்கூலிப் பட்டியலிலிருந்து எடுத்து, பதம் பார்ப்பவர் என்றே எழுதி அதற்குரிய கூலி போடலாம். அரசின் ஆவணங்களில் இந்தக் கரையின் தொழிலாளிகள் வந்த போதெல்லாம் படகு எண்ணிக்கையாகவும் சிப்பி எண்ணிக்கையாகவும் டன்னாகவும்தான் வந்திருக்கிறார்கள். தெரிந்த வேலையின் பெயரோடு அவர்கள் பட்டியலில் ஏறும்வரை, இங்கே ஒவ்வொரு புதிய தொழிலும் பழைய தொழிலாளியைக் கூலியாக்கித்தான் தொடங்கும்.